மொஸ்பார்க் வண்டித் தச்சர் வீடு: ஸ்காட்லாந்துக் குடிக்கணக்கு ஏடுகளில் ஒரு குடும்பத்தை வாசிப்பது எப்படி?

கண்டிச்சீமை எழுதியது:

இலங்கையில் தேயிலையை முதன்முதலில் வணிகப் பயிராக வளர்த்தவர் ஜேம்ஸ் டெய்லர் என்பதும், 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் அதைத் தொடங்கினார் என்பதும் இந்த மன்றத்தில் எல்லோரும் அறிந்தவை. அவர் பிறந்த வீட்டைப் பற்றித் தமிழில் யாரும் விரிவாக எழுதியதாகத் தெரியவில்லை. ஸ்காட்லாந்தின் வடகிழக்கில் கின்கார்டின்ஷயர் என்ற மாவட்டம் இருந்தது. அதில் ஃபோர்டூன் பாரிஷைச் (திருச்சபை ஒன்றுக்கு உட்பட்ட ஊர்ப்பிரிவைச்) சேர்ந்த ஆக்கன்பிளே என்ற சிற்றூருக்கு அருகில், மோன்போடோ பண்ணை நிலத்தில் மொஸ்பார்க் என்ற சிறு வீடு இருந்தது. ஜேம்ஸ் 1835 மார்ச் 29 அன்று அங்கே பிறந்தார். தந்தை மைக்கேல் டெய்லர் ஒரு வண்டித் தச்சர். தாய் மார்கரெட் மொயர். ஆறு பிள்ளைகளில் ஜேம்ஸ் மூத்தவர். அவருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது தாய் இறந்துவிட்டார். தந்தை மறுமணம் செய்துகொண்டார். ஜேம்ஸ் பதின்பருவத்திலேயே உள்ளூர்ப் பள்ளியில் மாணவ ஆசிரியராக இருந்துவிட்டு, 1851 அக்டோபரில், பதினாறு வயதில், கப்பலேறினார். மறு ஆண்டு தொடக்கத்தில் கொழும்பு வந்து சேர்ந்தார். பிறகு அவர் ஊர் திரும்பவே இல்லை.

பிரபு குடும்பமோ வணிகக் குடும்பமோ அல்லாத, கைத்தொழிலால் பிழைத்த ஒரு நாட்டுப்புற வீட்டைப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குடிக்கணக்கு (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு) ஏடுகள் எப்படிப் பதிந்தன, அந்தப் பதிவை நாம் எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே இந்த இழையின் பொருள். டெய்லர் வீட்டை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஏட்டில் ஒரு வீட்டைப் பற்றி எழுதப்பட்டிருப்பதில் பாதியை அந்த வீடு சொல்லியிருக்கிறது. மீதியை அரசாங்கம் அச்சிட்டுக் கொடுத்த கட்டங்கள் தீர்மானித்திருக்கின்றன. கட்டங்களின் விதியை அறியாமல் பெயர்களை மட்டும் வாசிப்பவர் தவறான குடும்பத்தைக் கட்டி எழுப்பிவிடுவார்.

---

ஆவணக்காவலன் எழுதியது:

மிகத் தேவையான இழை. விதிகளிலிருந்து தொடங்குகிறேன்.

ஆட்களின் பெயரோடு கிடைக்கும் முதல் குடிக்கணக்கு 1841 ஜூன் 6 இரவுக்கு உரியது. அதன்பின் 1851 மார்ச் 30, 1861 ஏப்ரல் 7, 1871 ஏப்ரல் 2, 1881 ஏப்ரல் 3, 1891 ஏப்ரல் 5, 1901 மார்ச் 31. ஒவ்வொன்றும் ஒரே ஓர் இரவின் பதிவு. அன்றிரவு அந்தக் கூரையின் கீழ் தூங்கியவர் எழுதப்பட்டார். பக்கத்து ஊரில் அத்தை வீட்டில் தங்கியிருந்த மகள் அத்தை வீட்டின் கணக்கில் எழுதப்பட்டாள். ஆகவே, ஒரு பிள்ளையின் பெயர் காணப்படவில்லை என்றால் அது இறந்துவிட்டது என்ற முடிவுக்கு உடனே வரக்கூடாது.

1841 ஏடு மற்றவற்றிலிருந்து மிகவும் மாறுபட்டது. அதில் குடும்பத் தலைவருக்கு இன்னார் என்ன உறவு என்று சொல்லும் கட்டமே கிடையாது. திருமணமானவரா, கைம்பெண்ணா என்ற விவரமும் இல்லை. பிறந்த இடத்தைப் பொறுத்தவரை, அதே மாவட்டத்தில் பிறந்தவரா இல்லையா, இல்லையென்றால் இங்கிலாந்தா, அயர்லாந்தா, வெளிநாடா என்பதோடு கேள்வி முடிந்துவிடும். பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழ்நோக்கிக் குறைத்து எழுதும்படி கணக்கெடுப்பாளர்களுக்கு அறிவுரை தரப்பட்டிருந்தது. முப்பத்தொன்பது வயதுத் தச்சர் அதில் 35 என்று நிற்பார். பத்து ஆண்டுகள் கழித்து 49 என்று நிற்பார். இதை அறியாதவர்கள் இருவரும் வெவ்வேறு ஆட்கள் என்று முடிவுகட்டி, சரியான பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டே கடந்துபோய்விடுகிறார்கள். பிள்ளைகளுக்கு இந்த விதி பொருந்தாது. ஆறு வயது ஜேம்ஸுக்கு 6 என்றே எழுத வேண்டும்.

இன்னொன்று, அந்த ஏடுகள் பென்சிலால் எழுதப்பட்டவை. பிற்பாடு தொகை கூட்டிய எழுத்தர்கள் வயதுகளின் மேலேயே மையால் கோடு கிழித்துச் சரிபார்த்திருக்கிறார்கள். மங்கிய பென்சில் எழுத்தின் மேல் கனத்த மைக்கோடு விழுந்த பக்கத்தில் 3க்கும் 5க்கும் வேறுபாடு கண்டுபிடிக்க நேரமெடுத்துப் பார்க்க வேண்டும். வீடு முடியும் இடத்தில் இரட்டைச் சாய்கோடும், ஒரே வீட்டுக்குள் ஒரு குடும்பம் முடிந்து மற்றொன்று தொடங்கும் இடத்தில் ஒற்றைச் சாய்கோடும் இடுவது வழக்கம். உறவுக் கட்டம் இல்லாத ஏட்டில் இந்தச் சிறு கோடுகளை விட்டால் வேறு வழிகாட்டி இல்லை.

கடைசியாக, நாம் வாசிப்பது குடும்பத் தலைவர் கைப்பட நிரப்பிய படிவத்தை அல்ல. அந்தப் படிவங்கள் ஸ்காட்லாந்தில் பாதுகாக்கப்படவில்லை. அவற்றைப் பார்த்துக் கணக்கெடுப்பாளர் தம் ஏட்டில் எழுதிய படியே இன்று மிஞ்சியிருக்கிறது. நாட்டுப்புறங்களில் இந்த வேலை பெரும்பாலும் பள்ளி ஆசிரியரிடமே போய்ச் சேர்ந்தது. ஊரில் எல்லோரையும் அறிந்தவர் எழுதியிருப்பது ஒரு வகையில் நன்மை. அவர் அறிந்திருந்ததாலேயே கேட்காமல் எழுதிய இடங்களும் இருக்கும்.

---

தச்சன்மகள் எழுதியது:

தொழிலைப் பற்றி நான் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

தொழில் கட்டத்தில் ஒரே மனிதர் பத்து ஆண்டுக்கு ஒருமுறை வேறு வேறாகத் தெரிவார்: ஓர் ஏட்டில் வண்டித் தச்சர், அடுத்ததில் வெறும் தச்சர், அதற்கடுத்ததில் மரவேலைக்காரர். இதைப் பார்த்துத் தொழிலை மாற்றிக்கொண்டார் என்று எழுதிவிடக் கூடாது. நாட்டுப்புறத் தச்சர் வண்டியும் செய்தார், கலப்பையும் செய்தார், கதவும் செய்தார், ஊரில் சாவு விழுந்தால் சவப்பெட்டியும் செய்தார். எழுதிய ஆண்டில் அவரிடம் எந்த வேலை மிகுதியாக இருந்தது என்பதையோ, எழுதியவருக்கு எந்தப் பெயர் வாயில் வந்தது என்பதையோ தவிர அந்த மாற்றம் வேறொன்றையும் சொல்லாது.

சக்கரம் செய்யும் முறையை அறிந்தால் ஏட்டின் பக்கத்தையே வேறு கண்ணோடு பார்க்கத் தோன்றும். நடுவில் குடத்துக்கு எல்ம் மரம். இழை பின்னிக் கிடப்பதால் ஆரக்கால்களுக்கு எத்தனை துளை இட்டாலும் அது பிளக்காது. ஆரக்காலுக்கு ஓக். வெளிவட்டத்து வட்டைகளுக்கு ஆஷ். இவற்றைப் பொருத்திய பிறகும் சக்கரம் தளர்வாகத்தான் இருக்கும். சக்கரச் சுற்றளவைவிடச் சற்றுக் குறைவான அளவில் கொல்லர் இரும்புப் பட்டையை வளைத்து நெருப்பிலிட்டுச் சிவக்கக் காய்ச்சுவார். சூட்டில் விரிந்த பட்டையை இடுக்கிகளால் தூக்கி வந்து சக்கரத்தின் மேல் இறக்கி அடிப்பார்கள். மரம் தீப்பற்றிக் கருகும்போதே குடம் குடமாகத் தண்ணீரை ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கச் சுருங்க ஆரக்கால்கள் ஒவ்வொன்றும் முனகிக்கொண்டு தத்தம் துளைக்குள் இறுகும். இந்த வேலையைத் தச்சர் தனியாகச் செய்ய முடியாது; கொல்லரும் இரண்டு மூன்று வலுவான கைகளும் வேண்டும்.

ஆதலால் தச்சர் வீட்டைத் தேடுகிறவர் அந்த ஒரு வீட்டோடு நிறுத்தக் கூடாது. முன் பக்கத்தையும் பின் பக்கத்தையும் புரட்டிக் கொல்லர் எங்கே இருக்கிறார், பயிற்சிப் பையன் யார் வீட்டில் தூங்குகிறான், கூலிக்கு வேலை செய்யும் தச்சர்கள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். 1851 முதல், ஆள் வைத்து வேலை வாங்கும் முதலாளித் தச்சர் தம்மிடம் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதையும் எழுத வேண்டும் என்ற விதி இருந்தது. இரண்டு ஆள், ஒரு பயிற்சிப் பையன் என்று எழுதியிருந்து, வீட்டுக் கணக்கில் பையன் மட்டும் இருந்தால், அந்த இருவரையும் அக்கம்பக்கத்து வீடுகளில் தேடலாம்.

என்னை வருத்தும் செய்தி ஒன்று உண்டு. 1841 அறிவுரையிலேயே, மனைவியின் தொழிலையும், பெற்றோருடன் இருந்து கூலியில்லாமல் அவர்களுக்கு உதவும் மகன் மகள்களின் தொழிலையும் எழுத வேண்டியதில்லை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். தச்சர் வீட்டுப் பெண் பசு வைத்திருந்தாள், கோழி வளர்த்தாள், பட்டறை ஆட்களுக்குச் சமைத்துப் போட்டாள், கடன் கணக்கை நினைவில் வைத்திருந்தாள். ஏட்டில் அவள் பெயருக்கு எதிரே வெற்றிடம். வெற்றிடத்தைப் பார்த்து அவள் வேலை செய்யாதவள் என்று எழுதுகிற ஆராய்ச்சியாளர்களை இன்றும் பார்க்கிறேன்.

---

கண்டிச்சீமை எழுதியது:

அருமையாக விளக்கினீர்கள், சகோதரி. இனி 1851க்கு வருவோம். என் பார்வையில் இந்த வீட்டின் கதை முழுவதும் அந்த ஒரு பக்கத்தில்தான் சிக்கியிருக்கிறது.

கணக்கு எடுத்த இரவு மார்ச் 30. ஜேம்ஸின் பிறந்தநாள் மார்ச் 29. பதினாறு வயது நிறைந்த மறுநாள் இரவு அவரைக் கணக்கில் எழுதியிருக்க வேண்டும். ஏழு மாதம் கழிந்தால் அவர் கப்பலில் இருப்பார். ஸ்காட்லாந்துக் குடிக்கணக்கு எதிலும் அதற்குப்பின் அவர் வரப்போவதில்லை.

ஆனால் 1841க்கும் 1851க்கும் இடையில் மார்கரெட் மொயர் இறந்திருக்கிறார், வேறொரு பெண் அந்த வீட்டுக்கு மனைவியாக வந்திருக்கிறார். 1851 ஏட்டில் உறவுக் கட்டம் உண்டு. இருந்தும், இந்தக் குடும்பத்தின் கடிதங்களையோ வரலாற்றையோ அறியாமல் அந்தப் பக்கத்தை மட்டும் வாசிக்கும் ஒருவருக்கு, ஜேம்ஸின் தாய் மாறிவிட்டார் என்பது எப்படித் தெரியவரும்?

---

ஆவணக்காவலன் எழுதியது:

அந்தப் பக்கத்திலிருந்து தெரியவராது. உறவுக் கட்டத்தின் அடிப்படை விதி அப்படி. ஒவ்வொருவரும் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதைத்தான் அது கேட்கிறது. தலைவரைத் தவிர மற்றவர்களுக்குள் என்ன உறவு என்று கேட்கவே இல்லை. தலைவர் மைக்கேல். அவருக்கு அந்தப் பெண் மனைவி. அவருக்கு ஜேம்ஸ் மகன். இரண்டும் உண்மை. இரண்டு உண்மையையும் அடுத்தடுத்த வரியில் வாசிக்கும் நாம், அந்தப் பெண்ணின் மகன் ஜேம்ஸ் என்ற மூன்றாவது செய்தியை நாமே எழுதிக்கொள்கிறோம். ஏடு அதைச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான குடும்ப மரங்களில் மாற்றாந்தாய்மார் பெற்ற தாயாக ஏறியது இப்படித்தான்.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? தாய் இறந்த காலத்தில் அரசுப் பதிவு கிடையாது. ஸ்காட்லாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணங்களைக் கட்டாயமாகப் பதிவது 1855 ஜனவரி 1 அன்றுதான் தொடங்கியது. அதற்கு முன் பாரிஷ் திருச்சபையின் பழைய பதிவேடுகள் மட்டுமே உண்டு. அவற்றில் திருமுழுக்கு ஓரளவு ஒழுங்காகவும், அடக்கப் பதிவு பல இடங்களில் அரைகுறையாகவும் இருக்கும். 1843இல் ஸ்காட்லாந்துத் திருச்சபை பிளந்து ஃப்ரீ சர்ச் தனியாகப் பிரிந்தது. அதோடு ஏராளமான குடும்பங்களின் பிள்ளைகள் பாரிஷ் பதிவேட்டைவிட்டே போய்விட்டார்கள். ஒரு வீட்டில் மூத்த பிள்ளைகளின் திருமுழுக்கு கிடைத்து, 1843க்குப் பின் பிறந்தவர்களுடையது கிடைக்காவிட்டால், முதலில் ஐயுற வேண்டியது இந்தப் பிளவைத்தான்.

ஆனாலும் ஸ்காட்லாந்துப் பதிவு முறை நமக்கு ஒரு பெரிய கொடையைத் தந்திருக்கிறது. 1855க்குப் பின்னான இறப்புச் சான்றிதழில் இறந்தவரின் தந்தை பெயரோடு தாயின் பெயரும், அவருடைய பிறந்த வீட்டுப் பெயரும் எழுதப்படும். திருமணச் சான்றிதழிலும் மணமக்கள் இருவரின் பெற்றோர் பெயர்களும் அப்படியே வரும். ஜேம்ஸ் 1892 மே 2 அன்று இலங்கையில் இறந்தார். அவருக்கு ஸ்காட்லாந்தில் சான்றிதழ் இல்லை. அவருடன் பிறந்தவர்களில் 1855க்குப் பின் அங்கே மணந்தவர் அல்லது இறந்தவர் ஒவ்வொருவரின் சான்றிதழிலும் தாய் யார் என்ற வரி இருக்க வேண்டும். மொயர் என்று வந்தால் முதல் தாரத்தின் பிள்ளை. வேறு பெயர் வந்தால் இரண்டாம் தாரத்தின் பிள்ளை. 1851 பக்கத்தில் வரிசையாக மகன், மகள் என்று நிற்பவர்களை இந்தச் சான்றிதழ்களை வைத்து இரண்டு குழுவாகப் பிரித்துவிடலாம். தேடப்படும் ஆளின் ஆவணம் கிடைக்காதபோது, அவருடைய தம்பி தங்கையரின் ஆவணத்தைத் தேட வேண்டும் என்பது எங்கள் துறையில் முதல் பாடம்.

இன்னொரு கண்ணியையும் சொல்லிவிடுகிறேன். குடும்பத் தலைவர் இறந்து மாற்றாந்தாயே தலைவியாகும்போது, முதல் தாரத்துப் பிள்ளைகள் அவளுக்கு என்ன உறவு என்று எழுத வேண்டிவரும். அந்தக் காலத்தில் மாற்றாந்தாய்ப் பிள்ளையைக் குறிக்க, மருமகனுக்கும் மருமகளுக்கும் எழுதும் அதே சொல்லை எழுதும் பழக்கம் இருந்தது. பத்து வயதுப் பையன் மருமகன் என்று நிற்பதைக் கண்டால் பதற வேண்டாம். நாம் தேடிக்கொண்டிருந்த விடையே அதுதான்.

---

வன்னியூரான் எழுதியது:

ஸ்காட்லாந்தில் பெண்கள் திருமணத்துக்குப் பின்னும் பிறந்த வீட்டுப் பெயரால் அறியப்பட்டார்கள் என்று படித்திருக்கிறேன். 1841 ஏட்டில் மார்கரெட்டைத் தேடுகிறவர்கள் டெய்லர் என்றும் தேட வேண்டும், மொயர் என்றும் தேட வேண்டும் அல்லவா? அதேபோல் பெயர் வைக்கும் முறை: மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டன் பெயர், இரண்டாமவனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயர், மூன்றாமவனுக்குத் தந்தையின் பெயர், மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டி பெயர். இதை வைத்து முன் தலைமுறையைக் கண்டுபிடித்துவிடலாமே?

---

ஆவணக்காவலன் எழுதியது:

முதல் கேள்விக்கு ஆம். ஸ்காட்லாந்துச் சட்ட ஆவணங்களிலும் கல்லறைக் கற்களிலும் மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர் நின்றுகொண்டே இருக்கும். குடிக்கணக்கில், குறிப்பாக 1841இல், பல கணக்கெடுப்பாளர்கள் மனைவியரை அப்படியே எழுதியிருக்கிறார்கள். கணவனும் மனைவியும் வேறு வேறு குடும்பப் பெயரோடு நிற்பதைக் கண்டு, அந்தப் பெண்ணை வேலைக்காரி என்றோ விருந்தாளி என்றோ கொள்ளக்கூடாது.

இரண்டாம் கேள்விக்கு, அந்த முறை ஒரு குறிப்பாகப் பயன்படும், சான்றாகப் பயன்படாது. ஒரு பாட்டன் பெயரே மற்றப் பாட்டனுக்கும் இருந்தால் வரிசை கலைந்துவிடும். குழந்தை இறந்தால் அதே பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பதும் வழக்கம். இரு ஏடுகளில் ஒரே பெயரோடு வயது பொருந்தாமல் நிற்கும் பிள்ளைகள் பல சமயம் இருவராக இருப்பார்கள். முதல் குழந்தை போய்ச் சேர்ந்திருக்கும்.

---

லயத்துக்காரன் எழுதியது:

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். உழைப்பை மதிக்கிறேன். ஆனாலும் மனத்தில் பட்டதைச் சொல்லாமல் போக முடியவில்லை. ஒரு தொரையின், வெள்ளைக்காரத் தோட்ட அதிகாரியின், மாற்றாந்தாய் யார் என்று கண்டுபிடிக்க இத்தனை ஏடு, இத்தனை சான்றிதழ். லூல்கந்துரவில் அந்தத் தொரையின் கீழ் காடு வெட்டி, கன்று நட்டு, கொழுந்து கிள்ளிய எங்கள் முப்பாட்டிகளின் பெயர் எந்த ஏட்டில் இருக்கிறது? அவர் இறந்தபோது உடலைத் தோட்டத்திலிருந்து கண்டிக்குச் சுமந்து சென்றவர்கள் எங்கள் ஆட்கள். சாமி தொரை என்று அழைத்தார்கள் என்கிறார்கள். சுமந்தவர்களில் ஒருவர் பெயரையாவது யாராவது எழுதி வைத்தார்களா? மலையகத் தமிழர் வரலாற்றைப் பேசும் மன்றத்தில் நாம் எதற்காகக் கின்கார்டின்ஷயர் வீடுகளை எண்ணிக்கொண்டிருக்கிறோம்?

---

கண்டிச்சீமை எழுதியது:

ஐயா, உங்கள் கேள்வி நியாயமானது. இந்த இழையைத் தொடங்கும்போதே அது என் மனத்தில் இருந்தது.

இரண்டு தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இலங்கையின் முதல் முறையான குடிசனக் கணக்கெடுப்பு 1871 மார்ச் 27 அன்று நடந்தது. ஸ்காட்லாந்தின் கணக்கெடுப்பு அதே ஆண்டு ஏப்ரல் 2 அன்று நடந்தது. இடைவெளி ஆறு நாள். ஒரே அரசியின் ஆட்சி. ஃபோர்டூன் பாரிஷில் ஒரு தச்சர் வீட்டுப் பயிற்சிப் பையனுக்குக்கூடப் பெயர், வயது, பிறந்த பாரிஷ் மூன்றும் எழுதப்பட்டு, இன்றுவரை பேணப்பட்டு, நாம் கணினியில் பார்க்கக் கிடைக்கிறது. அதே வாரத்தில் இலங்கையில் எண்ணப்பட்ட 24,00,380 பேர் அச்சிட்ட அறிக்கையில் தொகைகளாக மட்டும் நிற்கிறார்கள். லூல்கந்துர லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், அன்றிருந்த பெண் அந்தத் தொகைக்குள் ஓர் எண். தேயிலை நட்டு நான்கு ஆண்டு ஆகியிருந்த தோட்டம் அது.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை உணர வேண்டுமானால், பெயரோடு எழுதிய ஏட்டில் ஒரு சாதாரண உழைப்பாளி வீட்டைப் பற்றி எவ்வளவு தெரியவருகிறது என்பதை ஒருமுறையாவது முழுமையாகப் பார்க்க வேண்டும். அதற்காகவே இந்த வீட்டைத் தேர்ந்தேன். நமக்கு எது மறுக்கப்பட்டது என்று பொதுவாகச் சொல்வதைவிட, பிறந்த ஊர், வயது, உடன் இருந்தவர், எத்தனை அறை என்று ஒவ்வொன்றாகச் சுட்டிச் சொல்வது வலிமையான வாதம்.

இன்னொரு காரணமும் உண்டு. தொரைமார் எல்லோரும் மேட்டுக்குடியில் பிறந்து ஆளவே வளர்ந்தவர்கள் என்ற எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. தேயிலைக்கு முந்தைய காப்பிக் காலத்தில் வந்தவர்களில் ஒரு பெரும் பகுதியினர் இதே வடகிழக்கு ஸ்காட்லாந்தின் தச்சர், சிறு குத்தகை விவசாயி, ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகள். பட்டறை ஒருவருக்குத்தான் சோறு போடும் என்ற வீட்டிலிருந்து மூத்தவனே வெளியேறினான். அவன் கடல் கடந்து வந்து ஒரு கங்காணியின் மூலம் நூற்றுக்கணக்கானவர்களை ஏவும் இடத்தில் நின்றான். அந்த இடத்தை அவனுக்குத் தந்தது என்ன என்று கேட்க வேண்டுமானால், அவன் எந்த வீட்டிலிருந்து வந்தான் என்பதும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

---

லயத்துக்காரன் எழுதியது:

அந்த இரண்டு தேதிகளும் எனக்குப் புதிய செய்தி. ஏற்றுக்கொள்கிறேன். அப்படியானால் வீட்டின் அளவையும் சொல்லுங்கள். எத்தனை அறை என்றீர்களே, அது ஏட்டில் இருக்கிறதா? லயத்துக் காம்பரா எத்தனை அடி என்று எங்களுக்குத் தெரியும். தொரை பிறந்த வீடு எப்படி என்று அறிய விரும்புகிறேன்.

---

வடகடலோரம் எழுதியது:

ஸ்காட்லாந்தில் சில காலம் வாழ்ந்து, அங்குள்ள ஆவணங்களோடு பழகியவன் என்ற முறையில் இதற்கு நான் விடை தருகிறேன்.

1861 முதல் ஸ்காட்லாந்துக் கணக்கெடுப்பு லண்டன் அலுவலகத்தைவிட்டு எடின்பரோவிலிருந்த ஸ்காட்லாந்தின் தலைமைப் பதிவாளர் பொறுப்புக்கு வந்தது. இங்கிலாந்தின் ஏட்டில் இல்லாத ஒரு கட்டம் அப்போது சேர்ந்தது: சன்னல் உள்ள அறைகள் எத்தனை என்ற கட்டம். ஸ்காட்லாந்துக் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒரே அறையில் வாழ்ந்தது என்பது அந்த ஆண்டுதான் எண்ணிக்கையாக வெளிப்பட்டது. நாட்டுப்புறத் தச்சர் வீடு பெரும்பாலும் இரண்டு அறை: ஒன்று அடுப்பங்கரை, அதிலேயே பெட்டிபோல் அடைத்த கட்டில்கள், மற்றொன்று உள்ளறை. அந்த இரண்டுக்குள் பெற்றோர், ஐந்தாறு பிள்ளைகள், சில வேளைகளில் பயிற்சிப் பையன். ஏட்டில் எட்டுப் பெயருக்கு எதிரே 2 என்ற எண்ணைப் பார்க்கும்போதுதான் அந்த வீட்டுக்குள் போன உணர்வு வரும்.

ஆனால், பட்டறை தனிக் கொட்டகையாக இருந்தால் அது அந்த எண்ணில் சேராது. அதை அறிய 1855 முதல் ஆண்டுதோறும் எழுதப்பட்ட வரிமதிப்பீட்டு ஏடுகளைப் பார்க்க வேண்டும். நில உடைமையாளர் யார், குத்தகைக்காரர் யார், குடியிருப்பவர் யார், ஆண்டு வாடகை எவ்வளவு என்று அவற்றில் இருக்கும். வீடும் பட்டறையும் என்று சேர்த்தே எழுதியிருப்பார்கள். குடிக்கணக்கு பத்து ஆண்டுக்கு ஒருமுறை கதவைத் திறக்கிறது. இது இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த ஆள் இடம் மாறினாரா என்பதைக் காட்டும். மிகக் குறைந்த வாடகைக்குக் குறுகிய காலம் குடியிருந்தவர்களின் பெயர் மட்டும் அதில் விடுபட்டிருக்கலாம்.

பருவத்தையும் கவனிக்க வேண்டும். இதைப் பலர் பார்ப்பதில்லை. அந்த வட்டாரத்தில் பண்ணை ஆட்களும் வீட்டு வேலைக்காரப் பெண்களும் ஆறு மாத ஒப்பந்தத்தில் வேலைக்கு அமர்ந்தார்கள். மே மாத இறுதியிலும் நவம்பர் இறுதியிலும் இடம் மாறினார்கள். 1841 கணக்கு ஜூன் 6, அதாவது மே மாதப் பெயர்ச்சி முடிந்த சில நாட்களில் எடுத்தது. மற்றவை எல்லாம் மார்ச் இறுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ, பெயர்ச்சிக்கு முன் எடுத்தவை. ஆகவே 1841 பக்கத்தில் தச்சர் வீட்டில் தூங்கிய வேலைக்காரப் பெண் வந்து சில நாட்களே ஆனவளாக இருக்கலாம். 1851 பக்கத்தில் இருப்பவள் குளிர்காலம் முழுவதும் அந்த வீட்டோடு இருந்தவள்.

மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. 1881இல் கேலிக் பேசுவோரைக் குறிக்கும் கேள்வி சேர்ந்தது. கின்கார்டின்ஷயர் மக்கள் பேசியது ஸ்காட்ஸ் மொழியின் வடகிழக்கு வழக்கு. அதற்குக் கட்டமே கிடையாது.

---

தச்சன்மகள் எழுதியது:

பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐந்திலிருந்து பதின்மூன்று வயது வரை கட்டாயக் கல்வி என்ற சட்டம் அங்கே 1872இல்தான் வந்தது. அதற்கு முன்பே 1851 ஏட்டில் தச்சர், கொல்லர் வீட்டுப் பிள்ளைகள் மாணவர் என்று எழுதப்பட்டிருப்பது வழக்கமான காட்சி. பதினான்கு வயதில் ஒரு வண்டித் தச்சரின் மகன் மாணவ ஆசிரியராக முடிந்தது அந்தச் சூழலால்தான். ஜேம்ஸ் இலங்கையிலிருந்து தந்தைக்கு எழுதிய கடிதங்கள் எடின்பரோவில் உள்ள ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கின்றன. தச்சுப் பட்டறையில் அமர்ந்து அவற்றை வாசித்த தந்தையும் எழுத்தறிவு பெற்றவரே.

---

கண்டிச்சீமை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இதுவரை பேசியதை வைத்து, இந்த வீட்டையோ இதுபோன்ற மற்றொரு தொரையின் வீட்டையோ தேட விரும்புகிறவர்களுக்கு நான் பரிந்துரைக்கும் வரிசை இது. ஸ்காட்லாந்து அரசின் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் இணையதளத்தில் பெயர்ப் பட்டியலைத் தேடுவது இலவசம். பக்கத்தின் படத்தைப் பார்க்கத்தான் பணம். ஆகவே முதலில் 1851ஐ வாங்குங்கள். உறவும் பிறந்த பாரிஷும் அதில்தான் முதன்முதலாகச் சேர்ந்து வருகின்றன. அதிலிருந்து பின்னோக்கி 1841க்குப் போங்கள், மனைவியை இரண்டு குடும்பப் பெயரிலும் தேடுங்கள். பிறகு முன்னோக்கி 1861க்கு வந்து அறைகளின் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அந்த ஒரு வீட்டின் வரிகளை மட்டும் படியெடுக்காமல் பக்கம் முழுவதையும் படியெடுங்கள். கொல்லர் பக்கத்துப் பக்கத்தில் இருப்பார். உடன்பிறந்தவர்களின் திருமண, இறப்புச் சான்றிதழ்களைக் கடைசியில் வாங்குங்கள்; எந்தப் பெயருக்கு வாங்க வேண்டும் என்பது அதற்குள் தெரிந்திருக்கும்.

லயத்துக்காரன் ஐயா கேட்ட கேள்விக்குத் தனி இழை ஒன்று தேவை. தோட்டத்துச் செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு), கங்காணிக் கணக்கு, கோயில் கணக்கு, திருச்சபைப் பதிவேடு என்று நம் ஆட்களின் பெயர் எங்கெல்லாம் எழுதப்பட்டிருக்கக் கூடும் என்பதை அங்கே தொகுப்போம். எந்தத் தோட்டத்தின் பழைய செக்ரோல் யார் கையில் இருக்கிறது என்று அறிந்தவர்கள் அந்த இழையில் எழுதுங்கள். லூல்கந்துரவைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து தொடங்கலாம்.

---

லயத்துக்காரன் எழுதியது:

தொடங்குங்கள். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் வரவு செலவுப் பேரேடு பூசாரி வீட்டில் இருக்கிறது. வரி கொடுத்த குடும்பங்களின் பெயர் வரிசையாக இருக்கும். படம் எடுத்து அனுப்புகிறேன்.